காணிக்கை அரிசிக்கு யார் சாட்சி

என் உயிரான அம்மா,

பெடாஸ் பக்கத்தில் நம் தோட்டத்துக் கோயில் இன்னும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஸ்தோத்திர ஆராதனை. பட்டம் வாங்கிய பெண் என்று, கோயில் வந்த கதையை என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது, உனக்குத் தெரியும். ஆனால் இப்போது என்னைத் தடுப்பது கூச்சம் இல்லை அம்மா. கோபம்.

நேற்று, தோட்டக் கணக்கு எழுதும் கிராணி ஐயா வந்தார். இன்னும் அவர்தான் சபை மூப்பர்.

"வெள்ளக்காரன் போட்ட அவசரகாலத்துல லயத்து வீட்டையெல்லாம் முள்வேலிக்குள்ள மாத்துனப்ப, கோயிலையும் உள்ள கொண்டான்னு ஆண்டவர் எனக்கு உணர்த்தினாரு. அத அழகா சொல்லும்மா. உங்கம்மா சங்கதி வேணாம்லா. நல்ல நாளு."

அவருக்கு உணர்த்தினாராம்! ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த கையோடு பலகையும் தகரமும் சுமந்தது யார்? தகரத்தின் ஒரு முனையில் நீ, மறுமுனையில் உன்னோடு பால் வெட்டிய ரூத்து அக்கா. "வழி காட்டின ஆண்டவரு ஒரு கை குடுக்கப்படாதா?" என்று அக்கா முனக, நீ சொன்னாய்: "உன் கையத்தான் குடுத்திருக்காரு. பிடிலா!"

உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கை டின்னில் போடுவாயே, அதை எப்படி விட்டுவிட்டுப் பேசுவேன்? எல்லா வீட்டுப் பிடியரிசியும் சேர்ந்து, ஜெபத்துக்குப் பின், நோயாளி வீட்டுக்குப் போகும். நீ பிடிபட்ட வாரம் ரூத்து அக்காவுக்குக் காய்ச்சல். அப்போது அவரை நம் வேலிக்கு வெளியே, தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்கு மாற்றியிருந்தார்கள். காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, வேலிக்கு வெளியே அரிசி கொண்டுபோகத் தடை.

ஜெபித்தபின் அது பங்கீட்டு அரிசி இல்லை, காணிக்கை என்று நீ நம்பினாய். மறைக்கவேயில்லை. வெள்ளைத் துணியில் முடிந்து, எல்லாரும் பார்க்கத் தலையில் வைத்துக்கொண்டு வேலிக் கேட்டுக்குப் போனாய்.

"அரிசி யாருக்கு?"

"ஆண்டவருக்கு."

"ஆண்டவரு காட்டுலயா இருக்காரு?" காவல்காரன் சிரித்தான்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் கிராணி ஐயா சொன்னது: "சபைக்கு ஒண்ணும் தெரியாது துரை." அன்று காலையில் அந்த அரிசிமேல் கைவைத்து ஜெபித்தவர்! சிரம்பான் சிறையில் அடைபட்டு, இருமலோடு திரும்பி வந்து படுத்தவள், நீ எழுந்திருக்கவே இல்லை. அடக்கத்தில் அவர் அதையும் தேவ சித்தம் என்றார். தகரத்துக்கு வழி காட்டிய ஆண்டவர் அரிசிக்கு மட்டும் காட்டவில்லையா, அம்மா? உன்னைக் கைவிட்டது அவரா, இவரா?

இப்போது கேட்டில் சோதனை குறைந்துவிட்டது. ரூத்து அக்கா நடந்தே வந்துவிடுவார். "முன்னால உக்காந்திருப்பேன். உனக்குக் குரல் நின்னா நான் பிடிச்சுக்கிறேன்லா" என்கிறார்.

பேசுவேன் அம்மா. குரல் நடுங்கினால் நடுங்கட்டும். கிராணி ஐயாவின் முகத்தைப் பார்த்தே சொல்வேன்: "ஐயா, அது சபை அரிசி. ஜெபம் பண்ணினது நீங்கள்."

நீ சுமந்த தகரத்தின் கீழ் நிற்கப்போகும்
உன் மகள்,
கிருபா