மேகத்துறைக்கு இன்னும் மூன்று படங்கள்

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.
சனிக்கிழமை

அன்பு மகள் நுஸ்ரத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நல்ல சுகம். அந்த ஊர் வெயிலில் உன் உடம்புக்கும் ஒன்றும் வராமல் அவன் காக்க வேண்டும். போன் இருக்கும்போது மாமி ஏன் கடிதம் எழுதுகிறா என்று நீ யோசிப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால், வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. அடுத்த தெரு நஸ்ரி லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான். இதையும் சீனிச் சம்பலையும் நீ கேட்ட கருவாட்டையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். கூட இருக்கிற பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள் என்று கருவாட்டை ஒளித்து வைக்காதே. பொரித்துக் கொடு. பிறகு அவர்களே கேட்பார்கள்.

என் தங்கை றம்லா இப்போது இங்கேதான் இருக்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்து வீட்டையும் அவளுக்கே எழுதிய பிறகு, ராத்தாவோடு இருக்கிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். மீன் ஆணத்துக்கு உப்புக் காணாது என்று அவள், கூடிவிட்டது என்று நான். இரண்டு பேரும் நாள் முழுக்க இதே கதைதான். ஆகவே மாமி தனியாகக் கிடக்கிறா என்று இனி நீ கவலைப்படத் தேவையில்லை. இப்போது எனக்குக் கொஞ்சம் தனிமை கிடைத்தால் நல்லது போல இருக்கிறது.

நேற்று வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு முனீபின் கூட்டாளிமார் வந்தார்கள். சல்லி ஊரிலிருந்து தர்மிகன், நகரத்திலிருந்து தேனுகா, நம்முடைய ஊர் றிகாஸ். என் பிள்ளை மௌத்தாகி, அவனை அடக்கி மூன்று வருடம் ஆகியும் இந்தப் பிள்ளைகள் என்னை மறக்கவில்லை. ஆனால் நேற்று என்னைப் பார்க்க வரவில்லை, சண்டை பிடிக்க வந்தார்கள். அந்த 'மேகத்துறை' படத்துக்கு இன்னும் மூன்று பாகம் எடுக்கப் போகிறார்களாமே? வாட்ஸ்அப்பில் அடிபட்டது காணாதென்று, முனீபின் அறையில் அந்தப் பெரிய போஸ்டருக்குக் கீழே உட்கார்ந்து நேரில் அடிபட்டார்கள். எல்லாரும் எழுதுகிற இடத்தில் நுஸ்ரத் மட்டும் ஒரு சொல்லும் போடவில்லை என்று தேனுகா என்னிடம் குறை சொன்னாள்.

அந்தக் கதை எனக்குத் தெரியும். நீயும் முனீபும் கலியாணமான புதிதில் கடைசியான ஐந்தாவது படத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஆள் மாறி ஆள் எனக்குச் சொன்னீர்கள். மேகத்தில் ஓடுகிற கப்பல்கள், அவை வந்து கட்டுகிற துறைமுகம், கடைசிப் புயலில் கப்பலோடு மறைந்துபோகிற கப்பித்தான். அவனுடைய மனைவி இலீனா விளக்கைப் பிடித்துக்கொண்டு துறையில் நிற்பாள், அதோடு படம் முடிந்துவிடும் என்று சொல்லும்போது நீ அழுதாய். உன்னைப் பார்த்து முனீப் சிரித்தான். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

புதுப் படங்கள் அந்த இலீனாவைப் பற்றியதாம். அவள் விளக்கை வைத்துவிட்டு வேறொரு கப்பலில் ஏறி, யாரும் காணாத தேசங்களுக்குப் போகிறாளாம்.

தேனுகாவுக்கு அது பிடிக்கவே இல்லை. முடிந்த கதையைக் காசுக்காகக் கிண்டுகிறார்கள், எழுதினவர் அவளை அங்கே விட்டதில் ஒரு அர்த்தம் இருக்கிறது என்றாள். தர்மிகன் விடவில்லை. "புதுசு வந்தா பழசு அழிஞ்சு போகுமே? அந்த அஞ்சு படமும் அங்கதானே இருக்கு. வேணுமெண்டா இண்டைக்கும் போட்டுப் பாக்கலாம்" என்று கேட்டான். றிகாஸ் திடீரென்று, "முனீப் இருந்தா இதை விரும்பமாட்டான்" என்றான். முனீப் என்ன சொல்லுவான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று தர்மிகன் கேட்டதுதான் தாமதம், றிகாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "இலீனா அந்தத் துறையிலதான் நிக்கணும். வேற கப்பல்ல ஏறினா கப்பித்தான்ட மௌத்துக்கு என்ன மரியாதை?" என்று கத்தினான். எஞ்சின் சத்தத்துக்குள்ளேயே வேலை செய்கிறவன், ஆனாலும் அவன் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

நான் அப்போதுதான் குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டு போனேன். என் வாய் சும்மா இருக்குமா? "எவ்வளவு காலத்துக்கு மகன் அவள் அங்க நிக்கிறது? கால் நோகாதா?" என்று கேட்டேன்.

தேனுகா சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். முனீப் இதற்கு என்ன சொல்லியிருப்பான் என்று எனக்கும் தெரியாது, தெரியும் என்று சொன்னால் பொய், ஆனால் இருக்கிற நாங்கள்தானே சொல்ல வேண்டும் என்றேன். தர்மிகன் எழுந்து என் கையிலிருந்த தட்டத்தை வாங்கிக்கொண்டான்.

கடைசியில் படம் வந்ததும் எல்லாரும் சேர்ந்து போய்ப் பார்ப்பது என்று முடிவானது. பிழை பிடிக்கத்தான் வருவேன் என்கிறாள் தேனுகா. என்னையும் கூட்டிக்கொண்டு போவார்களாம்.

மற்ற இருவரும் பஸ்ஸுக்குப் போன பிறகு, றிகாஸ் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தான். வேண்டாம் என்று சொல்லியும் கழுவினான். கழுவிக்கொண்டே, "அவங்க சுகமா?" என்று கேட்டான். உன் பேரை அவன் சொல்வதே இல்லை, கவனித்திருக்கிறாயா? சுகம் என்றேன். பிறகு திரும்பாமலே, "என்ட உம்மா வந்து உங்ககிட்டக் கேட்டது எனக்குத் தெரியா. தெரிஞ்சிருந்தா விட்டிருக்கமாட்டன்" என்றான்.

மகள், அவன் உம்மா நஜ்முன் நிஸா வந்து தன் மகனுக்கு உன்னைக் கேட்ட அன்று எனக்கும் நெஞ்சு எரிந்தது. மறைக்கவில்லை. அதை உன்னிடம் போனில் சொன்னபோது, "அந்தக் கதையை விடுங்க மாமி" என்றாய். அன்று எனக்கு ஒரு ஆறுதல்கூட வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நீ போன் எடுப்பது குறைந்து போனது. எடுத்தாலும் சாப்பாடு, வெயில், வேலை. முன்பு மாதிரி நீ சிரித்துக் கேட்டு எத்தனையோ நாள்.

அதனால் றிகாஸிடம் நேராகவே கேட்டேன், உனக்கு விருப்பம் இல்லையா என்று. கழுவின கிளாஸையே திரும்பவும் கழுவினான். "விருப்பம் இல்லாம இல்ல உம்மா. முனீபுக்கு நான் என்ன முகத்தைக் காட்டுற?" என்றான். முனீப் டெங்குக் காய்ச்சலில் கிடந்த நாட்களில் ஆஸ்பத்திரி விறாந்தையை விட்டு அசையாதவன் அவன். நீயும் அவனும் ஆள் மாறி ஆள் தண்ணீர் பருக்கினீர்கள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இப்படிக் கேட்டால் நான் என்ன செய்வது? "முனீபுக்குப் பதில் சொல்ல நான் இருக்கன். நான்தானே அவன்ட உம்மா" என்றேன்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் படலை வரை போனவன் திரும்பி வந்து, குசினிப் பைப்பில் தண்ணீர் ஒழுகுகிறது, நாளைக்கு வந்து மாற்றித் தருகிறேன் என்றான். இன்று காலையில் வந்து மாற்றியும் தந்தான். அப்போது அவன் முகம் தெளிந்திருந்தது. றம்லாவின் பிட்டைத் தின்றுவிட்டு, உப்பு சரி என்று அவள் பக்கம் தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

நுஸ்ரத், உன் உம்மாவும் வாப்பாவும் இல்லை. இதை உன்னிடம் கேட்க வேறு ஆள் இல்லாததால் நான் கேட்கிறேன். றிகாஸுக்கு ஓம் சொல் என்று நான் எழுதவில்லை. ஏலாது என்றால் ஏலாது, அதற்காக யாரும் உன்மேல் கோபப்படமாட்டோம். அவனாக இல்லாமல் வேறு யாராக இருந்தாலும், படிப்பாக இருந்தாலும், வேறு நாடாக இருந்தாலும் சரி. ஆனால் மாமிக்காக என்று மட்டும் ஒரு முடிவும் எடுக்காதே. என் மகனை நீ எப்படிப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். அதை நீ இனி யாருக்கும் நின்று காட்டத் தேவையில்லை.

அவசரமில்லை. லீவு கிடைத்தால் ஒருதரம் வந்து போ. படம் வருகிற காலத்தில் வந்தால் எல்லாருமாகப் பார்க்கலாம். எனக்கு இங்கிலீசு விளங்காது, பக்கத்தில் இருந்து கதை சொல்ல ஆள் வேண்டும்.

அல்லாஹ் உன் நெஞ்சைக் குளிர வைக்கட்டும். உன் வீட்டில் பிள்ளைகளின் சத்தம் கேட்கட்டும். அது எந்த ஊரில், எந்த வீடாக இருந்தாலும் எனக்கும் ஒரு பாய் போட்டு வை. வருவேன்.

உன் உம்மா,
றுக்கியா