அப்பா தேர்ந்தெடுத்த ஞாயிற்றுக்கிழமை

ஜூலை 24, 1943, சனி

இன்றும் மைதானத்தில் அணிவகுப்பு. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, உச்சி வெயில். வளையத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வட்டமாக ஓடினோம். எல்வீரா மயங்கி விழுந்தாள். ஆசிரியை அவளை நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தலைவர் முசோலினி பெயரை இன்னும் உரக்கச் சொல்லச் சொன்னார். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். யாராவது பார்த்திருப்பார்களோ? எங்கள் ஊர்க் கட்சிச் செயலாளர் என் அப்பாதான்.

அண்ணன் லிவியோ பட்டாளத்துக்குப் போனதிலிருந்து அவன் கட்டிலில்தான் படுக்கிறேன். வெளிச்சம் தெருவுக்குத் தெரியக் கூடாது. போர்வைக்குள் மெழுகுவர்த்தி வைத்து எழுதுகிறேன். என்றைக்காவது எரிந்து சாகப்போகிறேன்.

ஜூலை 26, திங்கள்

முசோலினி போய்விட்டார். ராஜாவே நீக்கிவிட்டாராம். காலையில் சாக்கடை ஓரமெல்லாம் கட்சிச் சின்னங்கள் கிடந்தன. அதைச் சட்டையில் குத்தாமல் நேற்றுவரை ஒருவர்கூட வெளியே வந்ததில்லை.

மத்தியானம் சைக்கிள் கடை உலிஸ்ஸே எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். நான் பிறப்பதற்கு முன்பு, அப்பாவும் கட்சியின் மற்றக் கறுப்புச்சட்டைக்காரர்களும் அவரைக் கட்டிவைத்து, வாயில் புனலை வைத்து விளக்கெண்ணெய் ஊற்றினார்களாம். பிறகு அந்தக் கோலத்தில் தெருத்தெருவாக நடக்கவிட்டார்களாம். எண்ணெய் எங்கள் கடையிலிருந்து போனது.

"மருந்துக்கடை ஐயா, ஒரு புட்டி விளக்கெண்ணெய் குடுங்க. இந்தத் தடவை காசு குடுத்தே வாங்கிக்கிறேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா புட்டியை எடுத்து வைத்தார். உலிஸ்ஸே அதைத் தொடவில்லை. "இருக்கான்னு சும்மா பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பா முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக வரும்?

செப்டம்பர் 12, ஞாயிறு

லிவியோ வந்துவிட்டான்! சண்டையை நிறுத்தியாயிற்று என்று வானொலியில் சொன்ன உடனே அவனுடைய அதிகாரிகள் ஓடிவிட்டார்கள். நேற்றுவரை கூட்டாளிகளாக இருந்த ஜெர்மானியர்கள் வந்து நம் பையன்களைப் பிடித்து ரயிலில் அடைக்கிறார்கள். இவன் சீருடையைக் கழற்றி எறிந்துவிட்டு, வயல் வழியாகவே நடந்து வந்திருக்கிறான். வழியில் ஒரு பெண் செத்துப்போன தன் கணவனின் கால்சட்டையைக் கொடுத்தாளாம். அது இவன் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது.

"சிரிக்காத நிவெஸ். நல்ல மனுஷனாம். என்ன, கொஞ்சம் குள்ளம்."

இருட்டியதும் மலைக்குப் போய்விட்டான். கூட்டிக்கொண்டு போனது உலிஸ்ஸே. தன் மகன் நெல்லோவையும் லிவியோவையும் சேர்த்து. அம்மாதான் போய் அவரிடம் கேட்டிருக்கிறாள். எப்படிக் கேட்டாள்? எந்த முகத்தோடு?

நவம்பர் 20

ஜெர்மானியர்கள் முசோலினியைத் திரும்பக் கொண்டுவந்து இங்கே வடக்கில் புது அரசாங்கம் அமைத்துவிட்டார்கள். அப்பா பெட்டியிலிருந்து கறுப்புச் சட்டையை எடுத்தார். ஒரு தடவை பட்டது போதாதா என்று அம்மா கேட்டாள். "சத்தியம் பண்ணிக் குடுத்தவன்டி நான்" என்றார்.

பிப்ரவரி 22, 1944

பட்டாளத்துக்கு வராமல் ஒளிந்திருக்கும் பையன்களைச் சுடுவார்களாம். அந்தச் சுவரொட்டியை அப்பாவே பசை தடவி ஒட்டினார்.

ஏப்ரல் 23, ஞாயிறு

புதுச் சுவரொட்டி. மே 25க்குள் தாங்களாக வந்துவிட்டால் மன்னிப்பு, ஒரு தண்டனையும் கிடையாது. அப்பா இன்று அம்மாவுக்குத் தன் கையால் திராட்சை மது ஊற்றிக் கொடுத்தார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் நன்றாகச் சாப்பிட்டதே இன்றுதான். அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு அது தெரியவில்லை.

குழாயடியில் உலிஸ்ஸே அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "மலையில கஷ்கொட்டைக் களிதான், அக்கா. ஆனா உசிரோட இருக்கான். கீழ கூப்பிடாதீங்க."

ஏப்ரல் 25, செவ்வாய்

ஆனால் லிவியோவுக்கு மார்ச்சிலிருந்து இருமல். அம்மா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு அவளே ஆள் அனுப்பினாள்.

மே 24, புதன்

வந்துவிட்டான். எலும்பும் தோலுமாக இருக்கிறான். நெல்லோ வரவில்லையாம், வரமாட்டானாம். "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கும் ஓடி ஓடி அலுத்துப்போச்சு" என்றான் லிவியோ.

மே 25, வியாழன்

இன்றுதான் கடைசி நாள். விடிந்ததும் அம்மா சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தினாள். மத்தியானத்துக்குள் ரெஜ்ஜோ நகரத்துக்குப் போய்ப் படைமுகாமில் பெயர் கொடுத்துவிடலாம்.

அப்பா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெந்தகோஸ்து திருநாள். பூசை முடிந்ததும் சதுக்கத்தில், பேண்டு வாத்தியத்தோடு, ஊரே பார்க்க அவனை ஒப்படைக்கப்போகிறாராம். அதைப் பார்த்து மற்றப் பையன்களும் இறங்கி வருவார்களாம். நகரத்திலிருந்து அதிகாரி வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"இன்னிக்குத்தான் கடைசித் தேதி" என்றாள் அம்மா.

"தேதியெல்லாம் ஊர்க்காரனுக்கு. என் புள்ள திருடனாட்டம் பின்வாசல் வழியா போகணுமா? இருபத்திரண்டாம் வருஷத்துல முசோலினிக்காக ரோமுக்கு நடந்து போனவன் நான். என்கிட்ட தேதி பேசுவாங்களா?"

லிவியோ அம்மா தோளில் கை போட்டு, "மூணு நாள் நல்லாச் சாப்பிடலாம், விடும்மா" என்றான்.

சைக்கிளை உள்ளே எடுத்து வைத்தேன். நான்தான் எடுத்து வைத்தேன்.

மே 28

எழுத வரவில்லை. எழுதியாக வேண்டும்.

பேண்டு வாசித்தது. லிவியோ அப்பாவின் கோட்டைப் போட்டிருந்தான். வந்த அதிகாரி அப்பாவுக்குத் தெரிந்தவர் இல்லை. சின்ன வயசு, இந்தப் பக்கத்துப் பேச்சே இல்லை. அப்பா கையை உயர்த்தி வணங்கிப் பேச ஆரம்பித்தார். அவன் நடுவில் நிறுத்தி, பையன் எப்போது வந்தான் என்று கேட்டான். அப்பா பெருமையாக, புதன்கிழமையே வந்துவிட்டான் என்றார்.

"அப்படின்னா வியாழக்கிழமை எங்க இருந்தான்?"

அப்பா தன் பழைய சின்னத்தைக் கழற்றி நீட்டினார். இருபத்திரண்டில் வாங்கியது என்றார். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு பேர் லிவியோவின் கையைப் பிடித்தார்கள். பேண்டுக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

மே 30

அப்பா ரெஜ்ஜோவிலேயே இருக்கிறார். ஒவ்வொரு அலுவலகமாகப் போய் நிற்கிறாராம். யாரும் பார்க்க மாட்டேன் என்கிறார்களாம்.

கடவுளே, அவனைக் கொடுத்துடு. வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்.

ஜூன் 1

சுட்டுவிட்டார்கள்.

ஜூன் 3

மணி அடிக்கக் கூடாது, ஊர்க்காரர் வரக் கூடாது என்று உத்தரவு. நாங்கள் மூன்று பேர், பாதிரியார், குழிவெட்டுகிறவர்.

கட்சிக்காரர் யாராவது இறந்தால் குழிமேட்டில் அவர் பெயரைக் கூப்பிடுவார்கள். கூடியிருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்காக "இருக்கிறேன்" என்று கத்துவார்கள். எத்தனையோ தடவை அப்பா கூப்பிட்டிருக்கிறார். இன்று பெட்டியை இறக்கியதும் திடீரென்று விறைப்பாக நின்று, "லிவியோ கஸோலி!" என்றார்.

பாதிரியார் தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

அப்பா மறுபடியும் கூப்பிட்டார்.

"இல்ல" என்றாள் அம்மா. "அவன் இல்ல. போதும், வாங்க."

ஏப்ரல் 26, 1945, வியாழன்

ஜெர்மானியர்கள் ஓடிவிட்டார்கள். காலையிலிருந்து மணி அடிக்கிறது. மலையிலிருந்து பையன்கள் இறங்கிவிட்டார்கள். நெல்லோ தாடியோடு, கழுத்தில் சிவப்புத் துணியோடு வந்தான். எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பாமல் நடந்தான். அம்மா ஜன்னலில் நின்று கடைசிப் பையன் போகும்வரை பார்த்தாள்.

கட்சிக்காரர்களை வீடு வீடாக இழுத்துப் போகிறார்கள். எதிர்வீட்டு வரி அதிகாரியைச் செருப்பில்லாமல் கொண்டுபோனார்கள். அப்பா விடிந்ததும் சவரம் செய்து, நல்ல உடுப்புப் போட்டு, கடைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கல்லா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மாடியிலிருந்து இறங்கவில்லை. நான் வாசலில் நின்றேன்.

பத்துப் பேர் வந்தார்கள். முன்னால் உலிஸ்ஸே, தோளில் துப்பாக்கி. படியில் நின்று உள்ளே பார்த்தார். அப்பா எழுந்து நின்றார். உலிஸ்ஸே பின்னால் திரும்பி, "இங்க வேணாம். அடுத்த வீட்டுக்குப் போங்க" என்றார். ஒருவன் முணுமுணுத்தான். "இந்தாளுக்கு நாம செய்ய என்னடா பாக்கி இருக்கு?" என்று உலிஸ்ஸே கேட்டார். என்னிடம், "அம்மா சாப்பிட்டாங்களா?" என்றார். தலையாட்டினேன். போய்விட்டார்கள்.

இப்போது ராத்திரி. அப்பா இன்னும் அந்த நாற்காலியிலேயே, காலில் பூட்சோடு. சற்று முன்னால் கடையைச் சாத்தப் போனேன்.

"இன்னும் வரலையா?" என்று கேட்டார்.

"வந்துட்டுப் போய்ட்டாங்கப்பா."

"திரும்ப வருவாங்க. கதவைத் தாழ்போடாத."

போடவில்லை.