மிச்சம் இஞ்ச வந்து கேளுங்கோ

இஞ்சாருங்கோ,

இன்று காலை நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு உங்கள் இசைக்குழுவிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். இசை மண்டபம்வரை போக இயலாதவர்களுக்காக மாதத்தில் ஒருநாள் வந்து வாசிப்பார்கள். நான் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றேன். ஓபோக் குழல் வாசிக்கும் பெண், சுருதி சேர்க்க அந்த ஒற்றைச் சத்தத்தைப் பிடித்தாள். மற்ற நாலு பேரும் ஒவ்வொருவராக வந்து அதிலே சேர்ந்தார்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு, இந்த இடம் வந்ததும் நான் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவது வழக்கம். இன்றைக்கும் கால் அந்தப் பக்கம்தான் திரும்பியது.

உங்களுக்கு நினைவிருக்கும். நான் நாலு மாதப் பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது நீங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டீர்கள். "ஆறு மாசத்தில கூப்பிடுவன்" என்று சொன்னீர்கள். இந்த டெனிஸ் நாட்டில், கோல்டிங் நகரத்தில் உங்களுக்கு இருக்க அனுமதி கிடைத்தது. எங்களைக் கூப்பிட விண்ணப்பமும் போட்டீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கடதாசிக்கு என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளை பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள். உங்கள் கடிதங்களில் மட்டும் "இன்னும் பதில் இல்லை" என்ற வரி மாறவேயில்லை.

அந்தக் கடிதமொன்றில்தான் புது வேலை கிடைத்த கதையை எழுதியிருந்தீர்கள். இந்த வட்டாரத்து சிம்பொனி இசைக்குழுவின் லொறியில் போய், வாசிப்பவர்கள் உட்காரும் கதிரைகளை அடுக்குவது, பெரிய மேளங்களை இறக்கி ஏற்றுவது. "சனத்தின்ர வரியில நடக்கிற குழு. அதால எல்லா ஊருக்கும் போகவேணும். ஒருநாள் தேவாலயம், ஒருநாள் பள்ளிக்கூடம்" என்று எழுதினீர்கள். ஓபோவைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி ஒரு குழல். வீட்டில் ஒரு கதிரையைக்கூட இடம் மாற்றி வைக்காத மனிசன் கதிரை அடுக்குகிறாராம் என்று நான் சிரித்தேன்.

பிறகு கசெற் வந்தது. ஒரு மணித்தியாலக் கசெற்றில் நீங்கள் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. கதைக்கத் தெரியாத மனிசன் நீங்கள். "சுகமா இருக்கிறன், பிள்ளையைக் கவனமாப் பாரும்" என்று தொடங்கி, முடிந்தும்விட்டது. அடுத்து அந்தச் சத்தம். ஒரு குழல் தனியே நிற்க, எங்கிருந்தோ நூறு பேர் வந்து அதைச் சுற்றி நிற்பதுபோல. பாட்டு இப்போது வரும் என்று காத்திருந்தேன். உங்கள் குரல்தான் வந்தது. "பாட்டைப் பதியக் கூடாதெண்டு சொல்லியிருக்கினம். இது சுருதி சேர்க்கிறது மட்டும்தான். மிச்சம் இஞ்ச வந்து கேளுங்கோ." டக்கென்று நிறுத்திவிட்டீர்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஊரில் செல் வந்து விழுந்து வெடிக்கிறது, இந்த மனிசன் சட்டம் பார்க்கிறார்.

ஆனாலும் அதைத்தான் தினமும் கேட்டோம். சண்டையால் மின்சாரம் இல்லை, பற்றறி கொண்டுவரவும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து ரேப் ரெக்கோடருக்கு வயர் இழுத்து, மிதிகட்டையை நான் கையால் சுற்றுவேன். கை ஓய்ந்தால் உங்கள் குரல் தேய்ந்து இழுபடும். அவசரமாகச் சுற்றினால் கீச்சிடும். பிள்ளை பக்கத்தில் குந்தியிருந்து கேட்பாள். "இது ஆர்?" என்று கேட்டால் "அப்பா" என்பேன். அப்பாவின் குரல் ஒருநாளும் ஒரே மாதிரி வந்ததில்லை. அந்தச் சேர்ந்த சத்தம்தான், இழுபட்டாலும் கீச்சிட்டாலும், அவளுக்கு அடையாளமாக நின்றது. இது எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடைசியில் அனுமதி வந்து நாங்கள் விமானத்தால் இறங்கியபோது அவளுக்கு நாலு வயது நெருங்கியிருந்தது. நீங்கள் கையை நீட்டினீர்கள். அவள் என் சீலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு "இது அப்பா இல்லை" என்றாள். மூன்று கிழமை அதே கதைதான். உங்களை "மாமா" என்றாள். நீங்கள் வாங்கிவந்த சொக்கலேட்டை என் கையால் கொடுத்தால்தான் தின்றாள். ஒருநாள் குசினியில் நின்று மெதுவாகக் கேட்டீர்கள்: "என்ர குரலைக்கூடத் தெரியாதோ அவளுக்கு?"

நான் சைக்கிள் கதையைச் சொன்னேன். "உங்கட குரலைக் கெடுத்தது நான்தான்" என்று சொல்லி அழுதேன். நீங்கள் குழாயைப் பூட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில வாசிக்கினம். இரண்டுபேரும் வாங்கோ" என்றீர்கள்.

உடற்பயிற்சி மண்டபம். இருநூறு பிள்ளைகள் காலுறையோடு தரையில் இருந்தார்கள். கூரை யன்னலால் விழுந்த வெயிலில் தூசி மிதந்தது. எனக்கு எல்லாமே நித்திரையில் நடப்பதுபோல இருந்தது. நீங்கள் கறுப்புச் சட்டையோடு பக்கக் கதவடியில், இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்ட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஓபோ தொடங்கியது. மடியில் இருந்த பிள்ளை விறைத்துப்போனாள். எல்லாரும் வந்து சேர்ந்தபோது "அம்மா, அப்பா" என்றாள். நான் பிடிப்பதற்குள் எழும்பி, பிள்ளைகளுக்குள்ளால் ஓடி, வயலின்களைத் தாண்டி, மூலை முடுக்கெல்லாம் தேடினாள். சத்தத்துக்குள் யாரும் இருக்கவில்லை. அங்கே அவளுக்குத் தெரிந்த ஒரே முகம் உங்களுடையது. நின்று உங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

சுருதி சேர்ந்த பிறகு ஒரு சத்தமும் வரக்கூடாது என்பது உங்கள் வேலையின் கட்டளை. நீங்கள் அந்த ஸ்டாண்டை எவ்வளவு மெதுவாகத் தரையில் வைத்தீர்கள் என்பதை நான் மறக்கமாட்டேன். அதற்குப் பிறகுதான் குனிந்தீர்கள். "ஓம், அப்பாதான்" என்று காதுக்குள் சொன்னீர்களாம். கழுத்தைக் கட்டிப் பிடித்தவள் விடவேயில்லை. உள்ளே வந்த இசை நடத்துநர் கையைத் தூக்கியபடியே உங்களுக்காகக் காத்து நின்றார்.

வீடு திரும்பும்போது, தோளில் நித்திரையானவளோடு, "மிச்சத்தைக் கேட்டனீரோ?" என்று கேட்டீர்கள். நான் கேட்கவில்லை. முழுக்க அழுதுகொண்டிருந்தேன்.

எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களை இந்த நாட்டு அமைச்சரே தெரிந்து கிடப்பில் போட்டிருந்தார் என்பது பிறகு வெளியே வந்தது. தமிழர் வழக்கு என்று பேர் வைத்தார்கள். அதனால் ஒரு அரசாங்கமே போனது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டு, "அந்த நாலு வருசத்தைத் திருப்பித் தருவினமோ?" என்று நான் கேட்டேன். நீங்கள் எழும்பிப் போய், பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டு வந்து இருந்தீர்கள்.

இப்போது அவளுடைய மகன் என்னோடு டெனிஸ் பாஷையில்தான் கதைக்கிறான். உங்கள் கறுப்புச் சட்டை அலுமாரியில் இருக்கிறது. அந்தக் கசெற் ஓடாது. ஓடாவிட்டால் என்ன, முழுக்க எனக்கு மனப்பாடம்.

இன்றைக்குக் குசினிப் பக்கம் திரும்பிய என்னை, யன்னலோரத்தில் இருக்கும் பார்வையில்லாத கிழவி கையை எட்டிப் பிடித்து நிறுத்தினாள். "போகாதே, இனித்தான் தொடங்கப்போகிறது" என்றாள். கோப்பிக் குடுவையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தேன், நீங்கள் வைத்ததுபோலவே. அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். கடைசிவரைக்கும் இருந்தேன்.

இஞ்சாருங்கோ, மிச்சத்தையும் கேட்டுக்கொண்டு உங்களிட்ட வாறன்.