சேறு காயும் மட்டும்

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் பனி. வேலிக்கு அப்பால் வயல் இருப்பதே தெரியவில்லை. பத்து மணிக்கு மேல்தான் வெயில், அதுவும் காய்ச்சலில் எழும்பின ஆள் மாதிரி. முற்றம் இன்னும் சேறு. கார்த்திகை வெள்ளம் எங்கள் கண்டாவளையை விட்டுப் போய் எவ்வளவு நாளாகிவிட்டது, இந்த மண் மட்டும் தண்ணீரை விடமாட்டேன் என்கிறது.

செய்தவை: தலையணைகளை வெயிலில் போட்டது. அலுமாரியின் கீழ்த்தட்டைத் திரும்பவும் கழுவியது. (சேற்று மணம் போகவில்லை. போகாவிட்டால் இருக்கட்டும்.) கறிவேப்பிலைக் கன்றுக்குப் பழைய நுளம்பு வலையில் கூடு. மயில் ஒரு இலை விடாது.

என் மனுசன் சு. பின்னேர பஸ்ஸில் வவுனியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். இனி வெள்ளி இரவுதான். போகும்போதும் அதே கதை: பங்குனி வரட்டும், மண் காயட்டும், பிறகு தோட்டம் செய்யலாம், இப்போது சேற்றில் நின்று சளி பிடிக்காதே. எல்லாரும் பங்குனியைத்தான் சொல்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தபோது பருவங்கள் நான்கு என்று எழுதிப் புள்ளி வாங்கினவள் நான். வன்னியில் இரண்டுதான். சேறு, புழுதி. இரண்டுக்கும் நடுவில் வேம்பு பூக்கிற கொஞ்ச நாள். அதுதான் எங்கள் வசந்தம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்க என்னால் ஏலாது.

குசினிக்குப் பின்னால் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேட்டில் ஒரு பூசணி தானாக முளைத்துப் படர்கிறது. யாரும் விதை போடவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. சு. வெட்டிவிடச் சொன்னார், பாம்பு கிடக்குமாம். வெட்டமாட்டேன்.

மகள் குட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. பல தடவை. அணில் கத்தியதும் திரும்பினாள். ஆகவே காது கேட்கிறது. எழுதி வைக்கிறேன்: காது கேட்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

மப்பு. தூறல் விட்டுவிட்டு.

குடும்பநல மாது வந்தா. மோட்டார் சைக்கிளை ரோட்டிலேயே விட்டுவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. குட்டியின் நிறை நல்லதாம். உயரம் நல்லதாம். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டா: “விரலை நீட்டி ஏதும் காட்டுறவவோ? அந்தா காகம், இந்தா நாய் எண்டு?”

இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குடத்தில் வைப்பாள். என் முகத்தைப் பார்க்கமாட்டாள். கை மட்டும் போதும் அவளுக்கு. அதைக் கெட்டித்தனம் என்றுதான் இவ்வளவு நாளும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவா கோப்பையைக் கீழே வைத்தா. ஐந்தாம் திகதி கிளினிக்குக்கு டொக்டர் வருகிறாராம், கூட்டிக்கொண்டு வரட்டாம். ஒன்றரை வயது தாண்டினால் பிள்ளை விரலால் காட்ட வேண்டுமாம். “பயப்பட ஒண்டுமில்லைத் தங்கச்சி. ஆனா வராமல் மட்டும் விட்டிடாதை.”

போனபிறகு ஃபோனைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன். விரல் நீட்டாத பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கம் ஒன்று சொல்கிறது, மற்றது அதைவிடப் பெரிதாக. கடைசியில் ஃபோனை அரிசி வாளிக்குள் வைத்து மூடிவிட்டுப் பின்வளவுக்குப் போனேன். பசளிக் கீரைத் தண்டுகளை முறித்து ஊன்றினேன். செருப்பில்லாமல். வேண்டுமென்றே. தூறலில்.

குட்டி குசினிப் படியில் இருந்து வாளி மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அது சுழலும்போது அவளுடைய முகம் எவ்வளவு வடிவு.

ஜனவரி 23, வெள்ளி

வெயில். நல்ல வெயில்.

பூசணி பூத்துவிட்டது. வெள்ளத்துக்குப் பிறகு தேனீயைக் காணவில்லை. ஆண் பூவைப் பிடுங்கி, இதழை உரித்து, பெண் பூவுக்குள் தடவினேன். விடிய, பூ மூட முதல் செய்ய வேண்டும். ராணி அக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “என்ன தங்கச்சி, பூவுக்குக் கலியாணமோ? சீதனம் எவ்வளவு பேசினனீ?” என்றா. வளவு எழுதிக் கொடுத்தாச்சு என்றேன். சிரித்துவிட்டுப் பனங்கிழங்கு ஒரு கட்டுத் தந்தா. அவா வீட்டு வயல் முழுக்க வெள்ளத்தோடு போனது. கிழங்கைத் தந்துவிட்டுப் பாட்டுப் படித்துக்கொண்டு மாடு கலைக்கப் போகிறா. அப்படி இருக்க வேண்டும்.

இன்றைய நல்லவை: அவித்த கிழங்கு, மிளகுத்தூளும் தேங்காய்ச் சொட்டும். வெயிலில் காய்ந்த துவாய் மணம். கிணற்றுத் தண்ணீர் தெளிந்துவிட்டது. குட்டியின் மூக்கில் மகரந்தம், மஞ்சளாக.

நாள் முழுக்க அவளுக்குக் காட்டினேன். அந்தா கிளி. அந்தா ராணி அக்காவின் மாடு. அவள் மாட்டைப் பார்க்கவில்லை. என் விரல் நுனியைப் பார்க்கிறாள். அங்கே ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி.

ஜனவரி 25, ஞாயிறு

பனி. சண்டை.

கிளினிக் கதையைச் சு.விடம் நேற்றே சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு வெளிக்கிடும் நேரத்தில் சொன்னது என் பிழை. அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் நல்லம். சப்பாத்து லேஸைக் கட்டிக்கொண்டு குனிந்தபடியே, “இப்பவே பிள்ளைக்கு ஒரு நோய்ப் பேரை வைக்காதையும்” என்றார். பெயர் வைக்க நான் யார்? போய்க் காட்டுவது பெயர் வைப்பதா? சேறு காயட்டும், பிள்ளை வளரட்டும், பங்குனி வரட்டும். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, பொறு.

போகிறேன் என்றேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும்.

தன் அம்மாவை அனுப்புகிறாராம், எனக்கு உதவியாக. உதவிக்கோ, மறியலுக்கோ.

பிறகு குசினிக்குள் இருந்து அழுதேன். கொஞ்ச நேரம்தான். வெங்காயம் உரித்துக்கொண்டே, நேரம் வீணாகாமல்.

ஜனவரி 28, புதன்

மாமி வந்தாச்சு. சாவகச்சேரியிலிருந்து, பனங்கிழங்கு ஒடியல் மா, நல்லெண்ணெய், முருங்கைக்காய், கோயில் நூல். செருப்பைக் கழற்றுமுன்பே நூலைக் குட்டியின் இடுப்பில் கட்டிவிட்டா. குட்டி திமிறவில்லை. மாமியின் தோட்டை மட்டும் உற்றுப் பார்த்தாள்.

குசினி மாமியின் கைக்குப் போய்விட்டது. உப்புப் போத்தல் இடம் மாறிவிட்டது. சரி. ஒடியல் கூழ் காய்ச்சினா, அதற்காக எதையும் மன்னிக்கலாம்.

பின்னேரம் முருங்கைக்காய் வெட்டியபடி தொடங்கினா. சுதனும் மூன்று வயதுமட்டும் வாயே திறக்கவில்லையாம், இப்போது பார், வாயை மூடப் பண்ணத்தான் ஆளில்லையாம். அது உண்மை, சிரித்துவிட்டேன். பிறகு குரலைத் தணித்து: “ஒருக்காக் கிளினிக்கில பதிஞ்சாப் பிறகு அழிக்கேலாது பிள்ளை. நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி எண்டு வரேக்க சனம் தோண்டி எடுக்கும்.”

“அவளுக்கு ஒண்டரை வயசு மாமி.”

“வளராமலே நிக்கப்போறாள்?”

வாயை மூடிக்கொண்டு பின்வளவுக்குப் போய் ஊறவைத்திருந்த மிளகாய் விதைக்குப் பாத்தி கட்டினேன். மண்வெட்டியில் சேறு ஒட்டுகிறது, ஒவ்வொரு வெட்டுக்கும் தட்ட வேண்டியிருக்கிறது. தட்டினேன். பலமாக. மாமிக்குக் கேட்கட்டும் என்றுதான்.

பூசணியில் மூன்று பிஞ்சு. முட்டை அளவு.

பெப்ரவரி 1, ஞாயிறு, தைப்பூசம்

வெயில், காற்று, வானம் கழுவின மாதிரி.

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பூசத்துக்குப் புது நெல்லில் பொங்க வேண்டும். இந்த வருடம் புது நெல் எங்கே? மாமி கடை அரிசியையே கும்பிட்டுப் பொங்கினா. சு. குளித்துக்கொண்டிருந்தார். படைத்த வாழையிலையைப் போட மாமி பின்னுக்கு வந்தா, நானும் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால். வண்டல் மேட்டுக்குப் பக்கத்தில் குட்டி என் தோளில் இருந்து முகத்தை எடுத்தாள். கையை நீட்டினாள். விரலை நீட்டினாள். ஒற்றை விரல். பூசணிப் பிஞ்சை நேரே காட்டி, பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தை. நானும் அதைப் பார்க்கிறேனா என்று.

நான் மூச்சை விடமுன்னம் மாமி எட்டி அந்த விரலைப் பிடித்து மடக்கிவிட்டா.

யோசித்துச் செய்யவில்லை. எல்லா வீட்டிலும் செய்வதுதான். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிப்போகும், காட்டுவதென்றால் விரலை மடக்கிக் காட்ட வேண்டும். எனக்கும் சின்னதில் அப்படித்தான் மடக்கினார்கள், என் கையும் இன்னும் அப்படித்தான் போகிறது. “சுட்டப்பிடாது குஞ்சு, பிஞ்சு வெம்பிப்போம்.” அன்பாகத்தான் சொன்னா.

குட்டி கையை என் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

எனக்கு என்ன வந்ததோ. “விடுங்கோ மாமி. வெம்பட்டும். எல்லாக் காயும் அழுகட்டும், கொடியோட அழுகட்டும். அவள் காட்டட்டும்.” மாமிக்கு முன்னால் நான் இதுவரை அந்தக் குரலில் கதைத்ததில்லை. ராணி அக்கா வீட்டு நாய் குரைத்தது. சு. தலையில் சவர்க்காரத்தோடு வெளியே வந்து நின்றார்.

அவருக்குச் சொன்னேன், காட்டினாள், விரலால் காட்டினாள். மாமி இலையைக் கையில் வைத்தபடி நின்றா. குடும்பநல மாது என்ன கேட்டவா என்பதை முழுதாக இன்றைக்குத்தான் அவாவுக்குச் சொன்னேன். இவ்வளவு நாளும் சண்டைதான் பிடித்தோம், சொல்லவில்லை.

பொங்கல் ஆறிவிட்டது.

பெப்ரவரி 2, திங்கள்

மாமி கதைக்கவில்லை. கோபமில்லை, அது வேறு. உப்புப் போத்தலைப் பழைய இடத்தில் வைத்திருக்கிறா.

குட்டி காட்டவில்லை. காலை, மத்தியானம், பின்னேரம் மூன்று முறையும் பிஞ்சடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைதானோ? நான் கத்தினதால் பயந்தாளோ? மடக்கினதாலா? என் ஆசைக்கு நானே கண்டுகொண்டதோ? இல்லை. கண்டேன். சு. காணவில்லை, மாமி கண்டா, நான் கண்டேன். இரண்டு சாட்சி.

மிளகாய் விதை முளைத்துவிட்டது. எல்லாரும் அழுகும் என்றார்கள்.

பசளி தளிர்த்தது. முதல் தளிரைப் பருப்போடு கடைந்தேன். மாமி இரண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டா.

பெப்ரவரி 3, செவ்வாய்

ஒன்றுமில்லை. பனி. குட்டிக்கு மூக்கால் ஓடுகிறது. ஃபோனில் ஒன்றும் தேடவில்லை, அது ஒரு வெற்றி. சு. ஃபோன் எடுத்துக் கிளினிக்கைப் பற்றி எதுவும் கேட்காமல் பத்து நிமிடம் கதைத்தார். லீவு போட்டீர்களா என்று நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற துணை எனக்கு வேண்டாம்.

வேம்பைப் பார்த்தேன். ஒரு அரும்பும் இல்லை. அதன்பாட்டில் வரட்டும்.

பெப்ரவரி 4, புதன்

சுதந்திர தின லீவு. ரோட்டில் சத்தமில்லை. பனி விலக நேரம் சென்றது.

உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். குட்டியைக் காணவில்லை என்று நிமிர்ந்தால், மாமி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டல் மேட்டடியில் நிற்கிறா. நான் கிணற்றடியில் நிற்பது தெரியாது. சேலையைக் கணுக்காலுக்கு மேல் செருகி, சேற்றில், செருப்பில்லாமல். இதே மாதிரி நின்றதற்கு என்னை ஏசினவா.

வலது கையை நீட்டினா. சுட்டுவிரல் நீட்டி, நேரே, பெரிய பிஞ்சை. அறுபது வயதுக்கு மேலான மனிசி, பிறந்ததிலிருந்து மடக்கியே காட்டின விரல். “அங்க பார் குஞ்சு. அந்தா. அதையும் பார். எல்லாம் உன்ரதான். போனாப் போகட்டும், சந்தையில கிடக்கு காய்.”

குட்டி விரலைப் பார்த்தாள். விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதற்கு அப்பால் பார்த்தாள்.

பிறகு தன் கையை எடுத்தாள். மாமியின் முகத்தைப் பார்த்தாள், பிஞ்சைப் பார்த்தாள், காட்டினாள். விரலை மடக்கிக்கொண்டு. அன்றைக்கு மாமி மடக்கிவிட்ட அதே மாதிரி, விரல் மூட்டு வளைந்து, மரியாதையாக.

மாமி அப்படியே நின்றா. “நீட்டு பிள்ளை,” என்றா. “நீட்டடி செல்லம், ஒண்டும் ஆகாது, நீட்டு.” குட்டி இன்னும் நன்றாக மடக்கினாள். அடுத்த பிஞ்சைக் காட்டினாள், மடக்கி. ராணி அக்காவின் மாட்டைக் காட்டினாள், மடக்கி. மாமி சிரித்தாவோ அழுதாவோ தெரியாது, முதுகுதான் தெரிந்தது. நான் தோய்த்த துணியை வாளிக்குள் விட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டில் இருந்தேன்.

நாளை கிளினிக். குட்டிக்கு மஞ்சள் சட்டை. மாமியும் வருகிறா, கேட்காமலே சேலை எடுத்து வைத்திருக்கிறா. டொக்டர் கேட்பார், காட்டுவாளா என்று. விரலை நீட்டினால்தான் கணக்கு என்று சொல்வாரோ தெரியாது. சொல்லிப் பார்க்கட்டும். நாங்கள் இரண்டு பேர் போகிறோம்.