வரிசையில் நின்ற வாசுகியின் கடிதம்

1998 ஏப்ரல் 20, திங்கள்

வெயில். மழை பார்த்து மூன்று வாரம். குழாயில் தண்ணீர் மாலைதான். நளினி வாளி, குண்டான், கடைசியில் ரைஸ் குக்கர் பானை வரை நிரப்பி வைத்துவிட்டாள். புருஷனுக்குக் காபி மட்டும் போடவில்லை.

வருஷப் பிறப்பு லீவு முடிந்து இன்றுதான் காலேஜ். லேப் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை. மேசைக்கடியில் நம் மெயில் சர்வர். பழைய பி.சி., போன வருஷம் நானே கட்டியது. அதன் மோடம் விளக்கு நிற்காமல் துடிக்கிறது. அனுப்ப வேண்டிய கடிதங்களின் வரிசையை எட்டிப் பார்த்தேன். பதினோராயிரத்துக்கு மேல்! காலேஜில் மொத்தமே முப்பது பேர். பிரின்சிபல் மேடம் அனுமதித்ததால் என் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். அவ்வளவுதான்.

நாலைந்தைத் திறந்தேன். எல்லாம் ஆங்கில விளம்பரம், வழுக்கைத் தலையில் முடி முளைக்கும் மருந்து. என் தலையைத் தடவிக்கொண்டேன்.

அனுப்புவதை நிறுத்திவிட்டேன். மேடம் வந்து எட்டிப் பார்த்து, "மிஸ்டர் பாலன், ஒரு வாரமா எந்த மெயிலும் போகலையாம். இந்த வாரத்துக்குள்ள சரியாகலேன்னா பழையபடி ஃபேக்ஸ்தான் லா."

வாங்க: பல்ப் 2, மிளகாய்த்தூள், அப்பா திதிக்கு ஐயரிடம் சொல்ல.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஹாலந்திலிருந்து ஒரு கடிதம். யான் என்று யாரோ. அவர் ஊர்ப் பல்கலைக்கழகத்து மெயிலைப் பார்த்துக்கொள்பவராம். என் சர்வர் வழியாக முடி மருந்து அவருக்கு எண்ணூறு போயிருக்கிறது. நானாக இருந்தால் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்திருப்பேன். மனுஷன் பன்னிரண்டு வரியில் பொறுமையாக எழுதியிருக்கிறார்: உங்கள் சர்வர் யார் வந்தாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பிக் கொடுக்கிறது. விளம்பரக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பல இடங்களில் உங்கள் பெயரை மறுப்புப் பட்டியலில் போட்டாகிவிட்டது. அடைத்துவிட்டுச் சொல்லுங்கள், சோதித்துப் பார்க்கிறேன்.

முகம் தெரியாத ஆள். நல்லா இருக்கட்டும்.

திறந்துவிட்டது வேறு யாருமில்லை, நான்தான். ஜனவரியில். தங்கை வாசுகிக்காக. அவளுக்கு நாலு வயதில் காய்ச்சலில் காது போனது. போன் பேச முடியாது. மெயில்தான் அவளுக்குப் போன். கிள்ளானில் அச்சகத்தில் டைப்செட்டிங் வேலை, அங்கிருந்து டயல் செய்து அனுப்புவாள். டயல் செய்யும் ஒவ்வொரு தடவையும் வேறு நம்பரிலிருந்து வருவதால் சர்வர் அவளை அந்நியன் என்று தள்ளிவிட்டது. தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினாள்: "ஏன் உன் மெஷின் என்னைத் துரத்துது?" மனசு கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் வழி விடத் தெரியாமல் ஊருக்கே வழி விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 22, புதன்

குப்பை பொறுக்கினேன், காலை முதல் நாலு மணி வரை. மொத்தமாக அழித்தால் நம் ஆட்களின் கடிதங்களும் போய்விடும். அனுப்பியவர் பெயர் பார்த்துப் பிரித்தேன். விளம்பரக்காரன் நம் பெயர்களையே போலியாகப் போட்டும் அனுப்பியிருக்கிறான், அதனால் சிலதைத் திறந்துதான் பார்க்கவேண்டியிருந்தது. நல்ல கடிதம் மொத்தம் ஏழு.

அதில் இரண்டு வாசுகியுடையது. டொராண்டோவில் இருக்கும் குகனுக்கு. குகனுக்கும் காது கேட்காது. புத்தகம் பைண்டிங் செய்யும் வேலை. நம் யாழ்ப்பாணத்து ஆட்கள்தான். ஒரு வருஷமாக எழுதிக்கொள்கிறார்கள் என்று தெரியும், என்ன எழுதுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

திறந்தபிறகுதான் அவளுடையது என்று புரிந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். மூடுவதற்குள் கண் ஓடிவிட்டது. முதல் கடிதம், ஏப்ரல் 13, வருஷப் பிறப்புக்கு முதல் நாள்: "நீங்க கேட்டதுக்கு என் பதில், சரி. எனக்குச் சம்மதம்." அங்கேயே மூடினேன். இரண்டாவது, 18: "ஏன் பதில் இல்லை? நான் சொன்னதுல தப்பா?" அதையும் மூடினேன்.

ஒன்பது நாள். என் தங்கச்சி சம்மதம் என்று சொன்ன வார்த்தை ஒன்பது நாளாக முடி மருந்துக்குப் பின்னால் நிற்கிறது. அங்கே அவன் இவள் மாட்டேன் என்றுவிட்டாள் என நினைத்திருப்பான். இங்கே இவள் அவன் வேண்டாம் என்றுவிட்டான் என. நடுவில் நான்.

கையால் தள்ளி அனுப்பிப் பார்த்தேன். டொராண்டோ சர்வர் வாசலிலேயே மறுத்துவிட்டது. பட்டியல்.

நளினியிடம் சொல்லவில்லை. இது வாசுகியின் கடிதம்.

ஏப்ரல் 23, வியாழன்

அரை நாள் லீவு. கோமுட்டரில் கிள்ளான். ரயிலில் ஏ.சி. இருந்தது, அதற்கும் நன்றி. அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள். யாருடையதோ. என் முகத்தைப் பார்த்ததும் எழுதினாள்: "அம்மாவுக்கு என்ன?"

அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று எழுதி, கீழே எல்லாவற்றையும் எழுதினேன். நான் திறந்துவிட்டது, கடிதம் நின்றது, நான் படித்தது. படித்ததை மறைக்கலாமா என்று ரயிலில் யோசித்தேன்தான். மறைக்கவில்லை.

பேனா தாளைக் கிழித்தது. "பத்து நாள்!" அப்புறம்: "ஞாயித்துக்கிழமை அவங்க வீட்ல வேற பொண்ணு பாக்கப் போறாங்க. அதுக்குள்ள சொல்லுங்கன்னு கேட்டிருந்தார்."

இன்றே ஃபேக்ஸ் அனுப்பலாம் என்றேன்.

"அவர் வேலை எடத்துல எல்லாரும் படிப்பாங்க. நீ படிச்சதே போதும்."

வேறு யாராவது மெயிலிலிருந்து?

"நம்பமாட்டார். போன வருஷம் சித்தி என் பேர்ல அவங்க வீட்டுக்கு லெட்டர் எழுதிட்டாங்க, தெரியாதா? பொண்ணுக்குச் சம்மதம்னு. அப்போ எனக்கு அவரைச் சரியாவே தெரியாது. அதுக்கப்புறம் இந்த அட்ரஸ்ல இருந்து வந்தாத்தான் நான்னு பேசி வச்சிருக்கோம்."

சித்தி! நல்ல மனசு, பொல்லாத கை.

கிளம்பும்போது பின்னாலேயே ஓடிவந்து கையில் ஒரு பொட்டலம். மசால் வடை. கோபமாக இருந்தாலும் பசியோடு அனுப்பமாட்டாள். தெருவில் நின்றே தின்றேன். கண்ணில் தண்ணீர், மிளகாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்று நடந்தது:

நம் லைன் கொடுக்கும் கம்பெனியில் அஸ்மான். போனில் முக்கால் மணி நேரம். "அபாங், இனி மாச்சாம் ரூமா தாக் அடா பிந்து லா!" மலாயில் சொல்கிறான்: அண்ணா, இது கதவே இல்லாத வீடு மாதிரியாம். சிரித்துவிட்டு வழியும் சொன்னான். முதலில் பாஸ்வேர்டு கொடுத்துத் தன் கடிதத்தை எடுப்பவரைச் சர்வர் இருபது நிமிஷம் நினைவில் வைத்திருக்கும். அந்த இருபது நிமிஷத்துக்குள் அவர் அதே நம்பரிலிருந்து அனுப்பலாம், அது எந்த நம்பராக இருந்தாலும். மற்றவனுக்கு இடமில்லை. இவ்வளவு எளிது. ஜனவரியில் கேட்டிருக்கலாம். வெட்கம்.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும் அவசரத்திலும், "ஜும்மா முடிஞ்சு கால் பண்றேன் அபாங்" என்றான். பண்ணினான்.

இரண்டு தடவை தப்பாகப் போட்டேன், மூன்றாம் தடவை பிடித்தது. வெளியிலிருந்து அந்நியனாக வந்து பார்த்தேன். மறுத்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் திட்டு வாங்கியதில்லை.

பாஸ்வேர்டுகளையும் பார்த்தேன். பத்தில் ஏழு பேருடையது அவரவர் கார் நம்பர். கார்கள் எல்லாம் காலேஜ் வாசலில் வரிசையாக நிற்கின்றன! என்னுடையதும். எல்லாவற்றையும் மாற்றினேன். கணக்கு லெக்சரர் மட்டும், "இதுதான் பாஸ், ஞாபகத்துல நிக்கும்" என்று அரை மணி நேரம் சண்டை.

யானுக்கு எழுதினேன், வாசுகி பெயர் சொல்லாமல், ஞாயிறுக்குள் ஒரு முக்கியமான கடிதம் போகவேண்டும் என்று மட்டும். மாலைக்குள் பதில்: சோதித்தேன், நன்றாக அடைத்திருக்கிறது, பட்டியல்காரர்களுக்கு நானே எழுதிவிட்டேன், நாளை மதியம் பாருங்கள்.

நளினியிடம் அவருக்கும் சேர்த்து விளக்கேற்றச் சொன்னேன். யார் அது என்றாள். ஹாலந்தில் ஒருத்தர் என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள், ஏற்றினாள்.

ஏப்ரல் 25, சனி

வாசுகி பத்து மணிக்கே லேபில். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்தபடி.

பதினொன்று, மறுப்பு. பன்னிரண்டு, மறுப்பு. ஒன்றரைக்கு மேடம் வந்து எல்லாம் சரியா என்றார். காலேஜ் கடிதங்கள் போகின்றன, மேடம். தேங்க்யூ சொல்லிவிட்டுப் போனார். போன தடவை மேடம் தேங்க்யூ சொன்னது எப்போதென்று நினைவில்லை.

புதிதாக ஒன்று எழுது, விவரம் சொல்லு என்று எழுதினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "அதே லெட்டர்தான். தேதி மாறுமா?"

மாறாது. எழுதிய நாள்தான் மேலே இருக்கும். எங்கே எத்தனை நாள் நின்றது என்பதும் அடியில் தெரியும்.

"அப்போ அது போதும். நான் அன்னைக்கே சொல்லிட்டேன்னு தெரியணும். ரெண்டாவதைக் கிழிச்சுடு."

அழித்தேன். 2.50க்கு மறுபடி தள்ளினேன். போய்ச் சேர்ந்தது என்று ஒரு வரி. அவளுக்குக் காட்டினேன். அந்த வரியை விரலால் தொட்டாள். திரையில் விரல் ரேகை. நான் துடைக்கவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையில் மழை! பெரிதாக இல்லை, ஆனால் மழை. நளினி வாளிகளை வெளியே வைத்தாள்.

லேபுக்குப் போனேன். பதிவேட்டில் யார் யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு பெரிது என்பது மட்டும்தான். நேற்று இரவு 8.40, டொராண்டோவிலிருந்து வாசுகிக்கு. நீளமான கடிதம். கை பரபரத்தது. தொடவில்லை, சாமி சத்தியமாக.

9.12க்கு எடுத்தாள். அச்சகச் சாவி வாங்கி வைத்திருக்கிறாள் போல. 9.20. ஒன்றுமில்லை. 9.26. 9.31க்கு, இருபது நிமிஷம் முடிய ஒரே நிமிஷம் இருக்கும்போது, எனக்கு ஒன்று.

"அண்ணா, ஜூன்ல வர்றார். அவங்க வீட்ல பொண்ணு பாக்கப் போறதை நிறுத்திட்டாங்க. அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்."

மேசையில் தலை வைத்து அழுதேன். யாரும் இல்லை, அதனால் நன்றாகவே அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் நளினி, "என்னங்க, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. சிரிக்கிறீங்களா, அழுதீங்களா?"

சர்வர் சரியாகிவிட்டது என்றேன்.