மச்சானின் அவரைப் பந்தல்

என் ஆசை மச்சான்,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் மண் எப்படி? இன்னும் அதில் கை வைக்கவில்லை என்று நீ சொன்னால் நான் நம்பமாட்டேன். இங்கே தங்கவயலில், நம் ஸ்கெலட்டன் லைனில் பனி இறங்கிவிட்டது, உன் அவரைக்கொடி பூத்திருக்கிறது. கூடவே அசுவினிப் பூச்சியும் வந்து குருத்தெல்லாம் கறுப்பாய் மொய்த்துவிட்டது. உன் தங்கச்சி விடிந்ததும் பனி ஈரம் காய்வதற்குள் சாம்பல் தூவுகிறாள், நீ செய்த மாதிரியே. என்ன, நீ பூச்சியைத் திட்டமாட்டாய். இவள் அதன் ஏழு தலைமுறையையும் இழுக்கிறாள்.

நாம் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடினபிறகு இந்தக் கொல்லையில் நீ வெட்டின முதல் குழியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அவரை நட ஒரு சாண் ஆழம் போதும். நீயோ சுரங்கத்துக்கு ஷாஃப்ட் குழி இறக்குகிற ஆள் மாதிரி இடுப்பளவு இறங்கிவிட்டாய். அடியிலிருந்த சரளையெல்லாம் மேலே வந்தது, நல்ல மண் அடியில் போயிற்று. அந்த வருஷம் கோரைப்புல்லைத் தவிர ஒன்றும் முளைக்கவில்லை.

"இன்னாப்பா, தங்கம் கெடச்சிதா?" என்று லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். வேறொருவனாக இருந்தால் மண்வெட்டியை வீசியிருப்பான். நீயும் சேர்ந்து சிரித்தாய். பிறகு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கழித்துப் போட்ட தழையைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து மக்கவைத்து, அந்தச் சரளையையே மண்ணாக்கினாய். உன்னை மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை மச்சான்.

நீ கோரை பிடுங்குவதே ஒரு அழகு. நாங்கள் மேலாக அறுப்போம், மறுவாரமே அது முளைத்து நிற்கும். நீ வேர் அறுபடாமல் விரலால் மண்ணை விலக்கி, தங்க ரேகையைப் பிடித்துப் போகிற மாதிரி, கிழங்கு கிழங்காய்ப் பின்னாலேயே போவாய். அந்தப் பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது?

கடைசியாய் நீ மயங்கி விழுந்ததும் அப்படிக் கோரை பிடுங்கிக்கொண்டிருந்த இடத்தில்தான். அதற்கப்புறம் கோரை கொல்லையெங்கும் பரவிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உன் மகன் பெங்களூரிலிருந்து ஒரு மேஸ்திரியோடு வந்தான்.

"சிமெண்டு போட்டு வண்டி நிறுத்திக்கலாம் மாமா. இன்னாத்துக்கு இந்தத் தலைவலி?" என்றான்.

வீடு அவனுடையது, நான் என்ன சொல்ல? மேஸ்திரி டேப்பை இழுத்து அளந்தார். பந்தல் கம்பைப் பிடுங்க அவன் கை வைத்ததும் உன் தங்கச்சி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். அப்போதுதான் பிள்ளை மனசிலிருந்ததைச் சொன்னான்.

"இந்த மண்ணப் பாத்தாலே அப்பா குனிஞ்சிகினு இருக்கிற மாதிரியே இருக்குது அத்தே. என்னால முடியல."

"இருந்துட்டுப் போவட்டுமே! எங்கண்ணன் முதுவு மேலயாடா சிமெண்டு ஊத்தப் போற?"

அவன் அப்படியே பந்தலடியில் உட்கார்ந்து அழுதான். உன்னை எடுத்துப்போன அன்றுகூட அழாத பிள்ளை. மேஸ்திரி டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

உன் மண்மேல் சிமெண்டு விழாது மச்சான். இனி ஞாயிறுதோறும் வந்து கோரை எடுப்பதாக அவன் சொல்லியிருக்கிறான். அவன் வராவிட்டாலும் குனிய எனக்கு முதுகு இருக்கிறது.

உன் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, இன்றைக்கும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்
உன் மச்சான்