சுவரோரம் அரை அங்குலம்

அக்டோபர் 7, செவ்வாய்
காலை ஏழுக்கே புழுக்கம். மாடி அறையில் மரப்பலகைத் தரை போடும் வேலை ஆரம்பம். இருபத்திரண்டு வருஷமாக மந்தாரக்குப்பத்தில் டைல்ஸ் விற்கிறவன் வீட்டில் மரத்தரை! மருமகள் நித்யாவின் ஆசை. அவளுக்கு டவுன்ஷிப் ஆபீசில் பெர்மனன்ட் வேலை, கேட்டால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். "ரூம் எங்க இஷ்டத்துக்கு இருந்தா இங்கயே இருக்கோம் மாமா" என்றாள். குமரன் ஒரே மகன். விட்டுவிட முடியுமா? சரி என்றேன். வாய்தான் சொன்னது.

கடையில் ஒருத்தர்: "இன்னா மொதலாளி, ஒங்க டைல்ஸு ஒங்க வூட்டுக்கே ஒத்துவரலியா?" சிரித்துவிட்டுப் போனார். ஒன்றும் வாங்கவில்லை.

அக்டோபர் 8, புதன்
மேகம். பலகை முழுக்கப் போட்டாயிற்று. போடுகிறவன் கடலூர் ஆள், அந்தோணி. கை சுத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு சுவர் ஓரமும் அரை அங்குலம் காலி!

"ஈரத்துக்கு மரம் உப்புங்க மொதலாளி. எடம் வுடணும். மேல செவுத்தோரமா ஸ்கர்ட்டிங் பட்டை அடிச்சா மறைஞ்சிடும்."

"பலகை பத்தலன்னு சொல்லு."

"நீங்க டைல்ஸ் நெனப்புலயே பேசிக்கினு இருக்கீங்க."

என்னிடமே! சைக்கிளில் சுண்ணாம்பு மூட்டை கட்டி விற்று மேலே வந்தவன் நான். ஓரத்தில் சந்து விட்டுவிட்டுக் கதை சொல்கிற எத்தனை கொத்தனாரைப் பார்த்திருக்கிறேன். ஸ்கர்ட்டிங் சனிக்கிழமைதான் வருமாம். அதுவரை பிளந்துகொண்டு கிடக்குமாம்.

பிரஷர் மாத்திரை இரண்டுதான் மிச்சம்.

அக்டோபர் 9, வியாழன்
வீட்டில் யாருமில்லை, என் மனைவி தவிர. வெள்ளை சிமெண்ட் குழைத்து நாலு பக்கமும் நானே அடைத்தேன்.

"ஏங்க, அந்த ஆளக் கேட்டீங்களா?"

"எவனக் கேக்கணும்? என் வூடு."

கோடு போட்ட மாதிரி வந்தது. முழங்கால்தான் போச்சு.

அக்டோபர் 11, சனி
மழை. அந்தோணி பார்த்தான். "மொதலாளி, இத எடுத்துடலாங்க" என்றான் இரண்டு தடவை. "ஸ்கர்ட்டிங்க அடிச்சிட்டுக் கெளம்பு" என்றேன். அடித்துவிட்டுப் போனான். கோபத்தில் டீ கூடக் குடிக்கவில்லை. போகட்டும்.

அக்டோபர் 15, புதன்
நாலு நாளாக விடாத மழை. அறை நடுவில் தரை ஒரு முழ அகலத்துக்குத் திட்டாக எழும்பி நிற்கிறது. கால் வைத்தால் லொடக். நித்யா போன் போட்டு அந்தோணியை வரவழைத்துப் பிடிபிடி என்று பிடித்தாள். "உங்கள நம்பிதான குடுத்தேன்? இதுக்கு நான் குவார்ட்டர்ஸே எழுதிக் கேட்டிருப்பேன்!" குமரன் தலை குனிந்து நின்றான். அந்தோணி என்னை ஒரு பார்வை பார்த்தான். "பிரிச்சுப் பாக்கலாங்கம்மா" என்றான், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதில் கன்னத்தில் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

ஸ்கர்ட்டிங்கைக் கழற்றினான். நித்யா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இவ்ளோ சுத்தமா வெள்ளை சிமெண்ட் பூச இந்த ஊர்ல யாரு இருக்காங்க மாமா?"

நான்தான் பூசினேன் என்று சொன்னேன். அந்தோணி மேல் தப்பில்லை என்றும் சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது?

நித்யா கழற்றிய பட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு: "குவார்ட்டர்ஸ்க்கு எழுதப் போறதில்ல. ஆனா வேல முடியற வரைக்கும் நீங்க மாடி ஏறக் கூடாது. முடிஞ்ச பின்னாலயும் கதவத் தட்டிட்டு வாங்க."

என் வீட்டில் நான் கதவைத் தட்ட வேண்டுமாம்! குமரன் குனிந்து ஆணி பொறுக்கினான். என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

சரி என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி
மழை விட்டது. மேலே சிமெண்டைக் கொத்தும் சத்தம். நித்யா லீவு போட்டுக் காவல். அந்த மாடிக்கு ஒவ்வொரு செங்கலும் நான் நின்று இறக்கியது. எவ்வளவு சந்து விடுகிறானோ? ஒரு அங்குலம் விட்டாலும் கேட்க ஆளில்லை.

மூன்று தடவை படியில் கால் வைத்தேன். மூன்றாவது தடவை மேலிருந்து குரல்.

"மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. ஸ்விட்ச் பாக்க வந்தேன்."

படியில் ஸ்விட்ச் கிடையாது.